என்ன செய்யுது?

எங்கள் பக்கத்தில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி “என்ன செய்யுது?” என்பதுதான். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தலை வலிக்குது, வயித்தப் புரட்டுது, கண்ணு எரியுது, முட்டி குடையுது. ஏதோ ஒன்று எனக்குள் புகுந்து ஏதோ செய்கிறது, நான் போய் முறையிடுகிறேன். சென்ற மார்கழியில் திருச்சியில் ஒரு பெண் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அதே கேள்வி வந்தது. “ஒண்ணும் செய்யல டாக்டர், அசதியா இருக்கு” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். மருந்துக்கடையில் நின்றபோதும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதும், இரவு தோசைக்கல்லைத் தேய்த்துக் கவிழ்த்தபோதும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. ஒண்ணும் செய்யல என்று ஏன் சொன்னேன்? இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே யாரையோ பார்ப்பதுபோல நிற்க வைத்தது எது? காலையில் கண் விழித்ததும், காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்குவதற்கு முன்பு, இன்றைக்கு யாரிடம் எதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசிக்க வைத்தது எது? வலி செய்கிறது, காய்ச்சல் செய்கிறது. அசதி மட்டும் எதையும் செய்வதில்லை, என்னைச் செய்யவிடாமல் வைத்திருக்கிறது. அப்படியென்றால் குற்றவாளி நான்தான் என்று அந்தப் பதிலில் ஒப்புக்கொண்டுவிட்டேனோ என்று தோன்றியது. இந்த உறுத்தல் ஆறேழு மாதமாக இருக்கிறது.

22 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு எதையும் யோசிக்க வரும். நடவுக்குப் போய் வந்தவருக்கு வருவது களைப்பு. ஒரு சொம்பு நீராகாரம் குடித்து அரை மணி நேரம் தலையைச் சாய்த்தால் இறங்கிவிடும். கல்யாண வீட்டு வேலை முடிந்து வருவது அலுப்பு, அது வெந்நீருக்குக் கட்டுப்படும். நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து என்றே கேட்டு வாங்கலாம். மனம் உடைந்தவருக்குச் சோர்வு, மலையேறியவருக்கு ஆயாசம், வயது முதிர்ந்தவருக்குத் தள்ளாமை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரணம் நிற்கிறது. பின்னால் ஒரு மாற்றும் இருக்கிறது. எனக்கு வந்தது காரணமில்லாமல், தூங்கி எழுந்த உடம்பில், விடியும்போதே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. நானே சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அது இருக்கும் இடம் தெரிகிறது, அதன் நீளம்கூடத் தெரிகிறது, எடுக்க வரவில்லை. சாக்பீஸ் பிடித்த விரல்களில் ஈரம் படிந்து மாவு பசையானதை இப்போதும் உணர்கிறேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, “உருபு, டீச்சர்” என்றாள். ஆமாம் என்று தலையசைத்தேன். மாதவிலக்கு நிற்கப்போகும் இந்த மாறுகாலத்தில் சொல் கைநழுவுவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் பிறகு சீராகிவிடும் என்று மருத்துவர் பின்னால் சொன்னார். அந்த வகுப்பில் நின்ற அரை நிமிடத்தில் அது எனக்குத் தெரியாது. என் பிழைப்பே சொல்தான். அது போய்விட்டால் நான் யார் என்று அந்த அரை நிமிடம் நினைத்தேன்.

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. கேஸ் புக் செய்த நாள், பால் வாங்காத நாள், தண்ணீர் கேன் எத்தனை, மகளின் டியூஷன் கட்டணம், எல்லாம் அதில்தான். நடுவில் பச்சைப் பேனாவில் சிறு புள்ளிகள் இருக்கும். வீட்டில் யாரும் அவை என்ன என்று கேட்டதில்லை. கேஸ் கணக்கும் உடம்புக் கணக்கும் ஒரே தாளில் வைக்கும் வழக்கம் அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஊரில் பத்தாயத்தை ஒட்டிய சுவரில் அவள் கரித்துண்டால் பால் கணக்கு எழுதுவாள். அந்தக் கோடுகளுக்கு நடுவே வேறு சில சுழிகளும் இருந்தன. கிட்டே போய்ப் பார்க்க முடியாது. பத்தாயத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் தேள் குடியிருக்கிறது என்று எங்கள் நான்கு பேரையும் அந்தப் பக்கமே அண்டவிட்டதில்லை. என் புள்ளிகள் முப்பது வருடம் 28 நாள், 29 நாள் என்று வரிசை தவறாமல் விழுந்தவை. 45 வயதுக்குப் பிறகு 23, 41, 19, 64 என்று சிதறிக் கிடக்கின்றன. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் தொடர்ந்து 12 மாதம் புள்ளியே விழாமல் இருக்க வேண்டுமாம். பதினோராம் மாதம் ஒன்று விழுந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசி மாதவிலக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதுதான் கடைசி என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஓர் ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் அந்த நாளுக்குப் பெயர் வைக்க முடியும். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது என்கிறார்கள், மேற்கு நாடுகளில் 51. அதற்கு முன்னால் நான்கு ஆண்டுகள், சிலருக்கு எட்டு பத்து ஆண்டுகள்கூட இப்படிச் சிதறலாகப் போகும். மருத்துவத் தமிழில் இதை மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம் என்கிறார்கள். இன்னும் வந்து சேராத ஒன்றின் பெயரால் அழைக்கப்படும் காலம். பத்து வருட வாழ்க்கையை இப்படி ஒரு திண்ணைபோல வெளியே உட்கார வைக்க முடியுமா என்று யோசிக்கிறேன்.

இந்த வயதில் ஹார்மோன் குறைந்துகொண்டே போகும், பள்ளத்தில் வண்டி இறங்குவது மாதிரி, என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஊஞ்சல் போல ஆடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சில மாதம் இளம்வயதில் இருந்ததைவிட அதிகமாக ஏறும், அடுத்த மாதம் சட்டென்று இறங்கும். முதலில் குறைவது இன்னொன்று, புரோஜெஸ்டிரோன். கருமுட்டை வெளிவந்த பிறகுதான் அது சுரக்கும். முட்டை வராத மாதங்களில் அது இல்லை. கருப்பையின் உள்சுவர் தடுப்பாரில்லாமல் தடித்து, பிறகு மொத்தமாக உடைந்து இறங்கும். 64 நாள் இடைவெளிக்குப் பிறகு வந்தது அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயந்தேன். மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், உள்சுவரில் துளி எடுத்து ஆய்வுக்கும் அனுப்பினார். 45க்கு மேல் இப்படிப் போனால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது, அதுபோல ஒரு வருடம் நின்றபின் ஒரு சொட்டு வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஆய்வில் பயப்பட ஒன்றுமில்லை. தைராய்டும் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்தது. பயத்தால் வந்த அழுகை இல்லை அது. என் அசதிக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது, நான் சோம்பேறி இல்லை என்று அச்சடித்த தாள் சொல்கிறது என்ற ஆறுதல். அப்படி ஒரு தாள் எனக்குத் தேவைப்பட்டதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. மூன்று மாதத்தில் 11.2 ஆனது. படியில் நிற்பது குறைந்தது. ஆனாலும் அசதியில் பாதி அப்படியே இருந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் ரத்தம் குறைவாக இருக்கும் இடத்தில், ரத்தம் கொட்டும் இந்த வயதுக்குள் ஒரு பெண் நுழையும்போது எதை இழக்கப்போகிறாள் என்பதை அந்த எண் சொல்கிறது. ஆனால் அந்த ஆய்வு 49 வயதோடு பெண்ணின் ரத்தத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. நம் இலக்கணமும் இந்த விஷயத்தில் அதையேதான் செய்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவங்களை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் பேரிளம்பெண் 40 வயதோடு முடிகிறாள். அதற்குப் பிறகு பெயர் இல்லை. உலா வரும் தலைவனைப் பார்த்து ஏங்குவதற்காக வகுத்த பட்டியல் அது, அவன் பார்வைக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் பெயர் வைத்தது, அதில் என்னைத் தேடுவது தவறு என்று எனக்கே தெரியும். ஆனாலும் இந்த வருடம் பேரிளம்பெண் என்று எழுதி முடித்து, கீழே காலியாகக் கிடந்த கரும்பலகையைப் பார்த்தபோது கை சற்று நேரம் அப்படியே நின்றது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் பின்னால்தான் அது வரும். சூடு வருவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. நெஞ்சுக் குழியில் ஒரு காசு அளவுக்கு முதலில் பற்றும். அங்கிருந்து கழுத்து, காதுமடல், மண்டை. இதயம் நாலு எட்டு வேகமாக ஓடும். பிறகு மார்புக்குக் கீழே, முழங்கால் மடிப்பில், முடிவேர்களில் ஒரே சமயத்தில் நீர் ஊறும். மூன்று நான்கு நிமிடம்தான். அது வடிந்ததும் நனைந்த ரவிக்கை முதுகில் ஒட்டிக் குளிர ஆரம்பிக்கும். மின்விசிறியை நிறுத்த எழுந்தால் பக்கத்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். எழாமல் போர்வையை மட்டும் இழுத்து, அடுத்தது எப்போது என்று காத்திருப்பேன். மூளையின் அடியில் உடம்புச் சூட்டைக் காவல் காக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் விலகும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் பதற்றமாகிவிடுகின்றன. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. நூலளவு சூடு ஏறினாலும் வீடு தீப்பிடித்ததாக எண்ணித் தண்ணீர் ஊற்றுகிறது உடம்பு. புரோஜெஸ்டிரோனிலிருந்து பிரியும் ஒரு பொருள் மூளைக்குத் தாலாட்டாக இருந்தது, அதுவும் இப்போது போதவில்லை. ஆக, நான் தூங்கவில்லை. தூங்காதவளுக்கு விடியலில் அசதி இருக்கத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. காரணம், நான் தூங்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. நடுவில் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது என்றுதான் காலையில் நினைப்பேன். திருச்சியில் சித்திரை வைகாசியில் யாருக்குத்தான் புழுக்கம் இல்லை? மார்கழியில் வேர்த்தபோதுதான் பிடிபட்டது.

சூடு என்ற சொல்லை நம் ஆட்கள் போல யாரும் புழங்கமாட்டார்கள். சூட்டு உடம்பு, சூடு பிடிச்சிருக்கு, சூட்டுக் கட்டி, சூட்டு வயிற்றுவலி. நான் சொன்னவுடன் பக்கத்து வீட்டு அக்கா வெந்தயத்தை ஊறவைத்து மோரோடு கொண்டுவந்து கொடுத்தார், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். குடித்தேன், குளித்தேன், இதமாகவே இருந்தது. யாரோ ஒருத்தி எனக்காக இரவே வெந்தயத்தை ஊறப்போட்டிருக்கிறாள் என்பதில் பாதி சூடு தணிந்தது. என் சந்தேகம் அந்த மருந்தின் மேல் இல்லை, சொல்லின் மேல்தான். மாங்காய் தின்றதும் சூடு, வெயிலில் போனதும் சூடு, இதுவும் சூடு என்றால், இது தனியாகத் தெரியவே தெரியாதே? மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் ஜப்பானியப் பெண்களிடம் இந்த வயதைப் பற்றிக் கேட்டு 1993இல் ஒரு நூல் எழுதினார். அங்கே இதற்குக் ‘கோனென்கி’ என்று பெயர். வட அமெரிக்கப் பெண்கள் முதலில் சொல்லும் இந்தத் தீப்பற்றும் சூட்டை ஜப்பானியப் பெண்களில் குறைவானவர்களே சொன்னார்கள். அவர்கள் அதிகம் சொன்னது தோள்பட்டை இறுக்கம், தலைவலி, அசதி. இடத்துக்கு இடம் உடம்பே வேறாக இருக்கலாம், உணவும் வாழ்க்கையும் சேர்ந்து உடம்பை வேறாக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. இதைப் படித்ததிலிருந்து இன்னொரு எண்ணமும் கூடவே வருகிறது. தன் ஊரில் எந்தச் சொல் கேட்கப்படுமோ அந்தச் சொல்லில்தான் உடம்பு பேசுகிறதா? எங்கள் ஊரில் பெண்கள் இடுப்பு விட்டுப்போகுது என்பார்கள், கை கால் ஓயுது என்பார்கள். அவற்றை எத்தனை வருடம் மூட்டு வலி என்றும் வேலை செய்யச் சோம்பல் என்றும் கேட்டிருக்கிறோம்!

இப்போது ஹார்மோன் என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் லண்டனில் ஓர் உரையில் அதைப் பயன்படுத்தினார். கிளப்பிவிடுவது, இயங்கவைப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. தமிழில் இயக்குநீர் என்று அழகாக ஆக்கியிருக்கிறார்கள். என்னை இயக்கிய நீர் ஒன்று இருந்தது, அது தடுமாறுகிறது என்று சொல்லும்போது, ஒண்ணும் செய்யல என்ற என் பதிலுக்கு ஒரு மாற்று கிடைத்ததுபோல் இருந்தது. ஆனால் பள்ளியில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக நிரப்பாத ஒரு பணியிடத்தின் வகுப்புகளை எங்கள் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னும் இரண்டு வகுப்பு சேர்த்தபோது கூட்டத்தில் முடியாது என்று சொன்னேன், குரல் உயர்ந்துதான் இருந்தது. வெளியே வந்தபோது உடன் வேலை செய்யும் ஒருவர் அன்போடுதான் என் தோளைத் தட்டி, “இப்ப உங்களுக்கு அந்த டைம்ல டீச்சர், ஹார்மோன் படுத்தும்” என்றார். வீட்டிலும் அதே பரிவோடு அதே சொல். என் கோபத்தில் இருந்த நியாயம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று. காலியாகக் கிடக்கும் பணியிடத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச வேண்டியதில்லை. அதே வாரத்தில் ஒரு டப்பா மூடி திறக்கவில்லை என்று சமையலறையில் உட்கார்ந்து தேம்பி அழுததும் நான்தான். அதற்கு எந்தப் பணியிடமும் காரணம் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே வாரத்தில் நடந்தவை. எது இயக்குநீரின் வேலை, எது ஆறு மணிக்கு எழுந்து மூன்று சாப்பாட்டு டப்பா கட்டும் வாழ்க்கையின் வேலை என்று பிரிக்க உட்கார்ந்தால் எனக்குப் பிரிக்க வரவில்லை. மகளுக்குப் பிளஸ் டூ, மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருடம், எனக்கு இது. இந்த வயதுப் பெண்களின் வீட்டில் இவை எல்லாம் சேர்ந்தேதான் வருகின்றன. உடம்புதான் காரணம் என்றால் வீடு தப்பித்துவிடுகிறது, வீடுதான் காரணம் என்றால் உடம்பைக் கைவிட்டதாகிவிடுகிறது. ஆறேழு மாதமாக நான் சுற்றிவருவது இந்த இடத்தைத்தான்.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். கூடையை இறக்கிவைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு அந்தத் தொல்லையே இல்லம்மா. முப்பத்தெட்டு வயசுலயே கர்ப்பப்பைய எடுத்துப் போட்டாச்சு. உதிரம் நிக்கவே இல்ல, கூடையத் தூக்க முடியல, எடுத்துருங்கன்னுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அதுக்கப்பறந்தான் இந்தக் காந்தல் எடுத்துக்கிச்சு. எலும்பெல்லாம் உளுத்த மாதிரி இருக்கு” என்றார். கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் பத்து வருடத்தில் படிப்படியாக நடக்க வேண்டியது ஒரே இரவில் நடந்துவிடும். சூலகத்தை விட்டுவைத்தாலும் சிலருக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அவரிடம் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம்வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டிய பிழைப்பு. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. சமாளிப்பது என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்கிறோம். கீரை விற்கும் அம்மாவுக்கு ஒரு வாரம் கூடையைத் தூக்காமல் இருக்க வழி இருந்திருந்தால், ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரையும் கருப்பைக்குள் வைக்கும் சாதனமும் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் வேறு மாதிரி சமாளித்திருப்பார். அன்று அரைக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன். அவர் மறுபடி கூடையைத் தலைக்கு ஏற்றும்போது பிடித்துவிட்டேன். அந்தக் கனத்தை என்னால் நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை.

மருத்துவர் எனக்கு ஹார்மோன் சிகிச்சை பற்றியும் சொன்னார். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, கருப்பை இருப்பதால் அதன் உள்சுவரைக் காக்கக் கூடவே புரோஜெஸ்டிரோன். கேட்டவுடன் எனக்கு வந்தது பயம். அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரையாக இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும்கூடச் சற்றுக் கூடின. உலகம் முழுவதும் பெண்கள் மாத்திரைகளைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அப்போது யார் காதிலும் விழவில்லை. அறுபதுக்குள், மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்குகிற பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறைந்து அடைத்தவர்களுக்கும் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை. அதற்கும் முன்னால், 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் எழுதிய நூல், இந்த வயதையே ஒரு குறைபாட்டு நோய் என்று சொல்லி எல்லாப் பெண்களுக்கும் ஹார்மோனைச் சிபாரிசு செய்தது. ஒரு தலைமுறைக்கு இது நோய், அடுத்த தலைமுறைக்கு மருந்தே நஞ்சு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் முடிவெடுக்க வேண்டும். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. “உங்க தூக்கம் திரும்பணும்னா இது உதவும். யோசிச்சிட்டு வாங்க” என்றார். ஆடி பிறப்பதற்குள் போக வேண்டும். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அம்மாவுக்கு 81 வயது, மன்னார்குடி பக்கத்தில் அதே வீட்டில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் போனபோது, மதியம் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “உனக்கு எப்பம்மா நின்னுச்சு?” என்றேன். கை நிற்காமல், “யாரு கண்டா? உங்கப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேசன் ஆச்சுல்ல, அந்த வருசமா இருக்கும். இல்ல, பெரியவளுக்கு மாப்ள பாக்க அலஞ்சோமே, அந்த வருசம்” என்றாள். தன் உடம்பில் நடந்ததற்கு அவளிடம் தேதி இல்லை. மற்றவர்களுக்கு நடந்தவற்றை ஆணியாக அடித்து அதில் தன்னுடையதை மாட்டி வைத்திருக்கிறாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் 1991. அதே வருடம் தை மாதம் நான் வயசுக்கு வந்தேன். அம்மாவுக்கு அப்போது 47. இன்று என் வயது. என்னைக் குச்சுக் கட்டி உட்கார வைத்த பதினாறு நாளும் விடிகாலையில் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும், காலையில் உளுந்தங்களியும் கிடைத்தன. பந்தலும் மைக்செட்டும் போட்டு ஊருக்கு அறிவித்ததில் நான் குறுகிப்போனேன், அந்தக் கூச்சம் இன்றும் போகவில்லை. ஆனால் அந்தப் பதினாறு நாளில் ஒரு துரும்பைக்கூட என்னை எடுக்கவிட்டதில்லை. ஒரு பெண் உடம்பு மாறும்போது இடுப்புக்கு உளுந்தும் எலும்புக்கு எண்ணெயும் ஓய்வும் வேண்டும் என்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தக் களியைக் கிண்டியவள் அதே ஆட்டத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை. உளுந்தங்களி கிண்டுவது லேசான வேலை இல்லை. கட்டி தட்டாமல், துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, விடாமல் சுழற்ற வேண்டும். விறகடுப்பின் முன்னால் குந்தி அவள் கிண்டுவதைக் கீற்று மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். தாடையிலிருந்து வேர்வை சொட்டும். களியில் விழுந்துவிடாமல் முகத்தைத் தள்ளிப் பிடித்து, முழங்கை மடிப்பால் துடைப்பாள். ஒருநாள் துடுப்பைப் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போய்விட்டாள். களி அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. அப்பாயி, “பொம்பளப் பிள்ளைக்குச் செய்யிறதுல கூடவா கவனமில்ல” என்று சத்தம் போட்டதும், அம்மா பதில் பேசாமல் சட்டியைத் தேய்த்ததும் நினைவிருக்கிறது. எனக்குச் செய்வது அவளுக்குப் பாரமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“ஏம்மா, எனக்குச் சுத்தின அப்ப ஒருநாள் களி அடிப்பிடிச்சுதே, நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்ட. உனக்கு அப்ப என்ன செஞ்சுது?” என்று கேட்டேன். கீரை உருவும் கை நின்றது. என்னைப் பார்க்காமல் பத்தாயம் இருந்த பக்கம் பார்த்தாள். அதை விற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது அங்கே ஃபிரிட்ஜ் இருக்கிறது. “உடம்பு பூரா அடுப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி வரும்டி. அடுப்புகிட்ட உக்காரவே முடியாது. யாருகிட்ட சொல்ல? பத்தாயத்துக்குப் பின்னால ஒரு சந்து இருந்துச்சுல்ல, வெயிலே படாது. மண்ணு செவுரு சில்லுன்னு இருக்கும். அதுல போயி முதுக ஒட்டி உக்காந்துக்குவேன். செத்த நேரம். ராத்திரிக்கும் அங்கதான்.”

“அங்க தேள் இருக்குன்னு சொல்லுவியே?”

அம்மா கீரைக் காம்பு ஒன்றை ஒடித்து முறத்துக்கு வெளியே போட்டாள். “தேளாவது ஒண்ணாவது. நீங்கள்ளாம் வந்துருவீங்கல்ல.”